விடுதியில் திருட்டு: விசாரிக்க வேண்டியது யார்?

2020 டிசம்பர் கடைசியில் குஜராத்தின் ஜாம்நகர் மருத்துவக் கல்லூரி விடுதியிலிருந்து மடிக்கணினிகள் திருடுபோயின. காவல்துறை கைதுசெய்த இளைஞருக்கும் அந்தக் கல்லூரிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் தமிழ்நாட்டிலிருந்து போனவர். 2015 முதல் நாட்டின் பல பகுதிகளில் மருத்துவக் கல்லூரி விடுதிகளைக் குறிவைத்து, ஏறக்குறைய 500 மடிக்கணினிகளை அவர் எடுத்திருக்கிறார் என்று காவல்துறை அப்போது சொன்னது.

அந்த எண்ணிக்கையில் பாதியை எடுத்துக்கொண்டாலும் கணிசமான அறைகள். அந்த அறைகளில் மறுநாள் காலை என்ன பேசியிருப்பார்கள் என்பதை விடுதியில் தங்கிப் படித்த யாரும் ஊகிக்கலாம். ‘நேத்து நைட்டு கடைசியா ரூமுக்கு வந்தது யாரு?’ ‘சாவி யார்கிட்ட இருந்துச்சு?’ ‘உன் பெட்டியைத் திற, பார்ப்போம்.’ எங்கோ ரயிலேறிப் போய்விட்ட ஒருவருக்காக, ஒரே அறையில் படுத்து, ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்திருப்பார்கள். சிலர் அறை மாறியிருப்பார்கள். ஏதோ ஒரு விடுதியில், ஏதோ ஒரு மாணவருக்கு ‘அவன்தான் எடுத்திருப்பான்’ என்ற பெயர் படிப்பு முடியும் வரை ஒட்டிக்கொண்டிருந்திருக்கும்.

கல்லூரி விடுதிகளில் நடக்கும் திருட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் திருடியவரைப் பற்றியே பேசுகிறோம். எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன தண்டனை தருவது, எங்கே கேமரா மாட்டுவது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பொருள் காணாமல்போன அடுத்த சில மணி நேரத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நடப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திருட்டைவிடப் பெரிய அநீதிகள் நடப்பது அப்போதுதான். அந்த நேரத்தில் நிர்வாகம் ஒதுங்கிக்கொள்வதும் விசாரணை மாணவர்கள் கைக்குப் போவதும் நம் விடுதிகளில் வழக்கமாகிவிட்டன. இந்த வழக்கத்தை நிறுத்தியாக வேண்டும்.

முதலில், விடுதியில் எவையெல்லாம் திருட்டுப்போகின்றன என்று பார்ப்போம். சோப்பு, தேங்காய் எண்ணெய், ஷாம்பு, ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு ஆகியவற்றை யாரும் திருட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘ஆட்டையப் போட்டுட்டான்’ என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். கொடியில் காயும் சட்டை, வாசலில் கிடக்கும் செருப்பு, குளியலறையில் மறந்து வைத்த வாளி ஆகியவை காணாமல்போனால் கொஞ்சம் சத்தம் வரும். அடுத்த படியில் இருப்பவை சயின்டிஃபிக் கால்குலேட்டர், டிராஃப்டர், எழுதி முடித்த ரெகார்டு நோட்டு. இவற்றின் விலை பெரிதில்லை. ஆனால், செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு ரெகார்டு காணாமல்போவது என்னவென்று படித்தவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, சார்ஜில் போட்டு வைத்த செல்போனும் மடிக்கணினியும்.

மேலே இருக்கும் இந்தப் பொருள்களின் கனம் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அந்தப் பணத்தில் மாதத்தை ஓட்டும் ஒருவரிடமிருந்து 10,000 ரூபாய் செல்போன் போனால், அது பத்து மாத உதவித்தொகை. இன்று செல்போன் போனால் கூடவே வங்கிக் கணக்கும் வகுப்புக் குறிப்புகளும் தேர்வுக் கட்டணம் கட்டும் வழியும் போகின்றன. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாரமே புதுப் போன் வந்துவிடும். மற்றவர் அந்தப் பருவம் முழுவதையும் அடுத்தவர் போனைக் கேட்டு வாங்கியே கடத்த வேண்டியிருக்கும். ஆகவே, விடுதித் திருட்டு சின்ன விஷயம் என்று சொல்லும் நிர்வாகிகள், யாருக்குச் சின்ன விஷயம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் சந்தேகம் யார்மீது?

நான் விடுதியில் இருந்த காலத்தில், எங்கள் தளத்தில் ஒரு கைக்கடிகாரம் காணாமல்போனது. இரண்டு வாரம் கழித்து, மலையோரக் கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு மாணவன் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்தான். ‘இவனுக்கு ஏது காசு?’ என்று யாரோ கேட்டார்கள். அன்று இரவே நாலைந்து பேர் சேர்ந்து அவனுடைய டிரங்குப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தார்கள். அதிலிருந்து கடிகாரம் விழவில்லை. இரண்டு லுங்கி, ஒரு சாமி படம், அக்காவின் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் பையில் சுற்றி வைத்த சான்றிதழ்கள் ஆகியவை விழுந்தன. ஐம்பது பேர் பார்க்க, அவற்றை அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து மறுபடியும் அடுக்கினான். அடுத்த பருவம் அவன் வரவில்லை. கடிகாரமும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அதை அவனே எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருந்திருக்கலாம். அவன் எடுத்திருந்தாலும்கூட அன்று இரவு நடந்தது தவறுதான் என்பதே என் வாதம். ‘அப்பாவியைச் சந்தேகித்துவிட்டோமே’ என்று வருந்துவது எளிது. குற்றம் செய்தவருக்கும் ஒரு முறையான விசாரணை உரிமை என்று ஒப்புக்கொள்வது கடினம். நம் விடுதிகள் இந்த இரண்டாவதைக் கற்றுக்கொள்ளவே இல்லை.

சந்தேகம் போகும் பாதையைக் கவனித்தால், அது எப்போதும் பள்ளத்தை நோக்கியே ஓடுவது தெரியும். வசதி குறைந்தவர், உதவித்தொகையில் படிப்பவர், வேறு மாநிலத்துக்காரர், யாரோடும் ஒட்டாமல் இருப்பவர் ஆகியோர்மீது முதலில் விழும். சாதியும் சத்தமில்லாமல் இதில் கலந்திருக்கும். மாணவர்களில் யாரும் தோதாகக் கிடைக்காவிட்டால், அறை பெருக்க வரும் அம்மா இருக்கிறார். மெஸ்ஸில் தட்டு கழுவும் பையன் இருக்கிறான். காலையில் ‘அக்கா’ என்று கூப்பிட்டவர்களே மாலையில் அவருடைய பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். ஒப்பந்தத் தொழிலாளியான அவர் எதிர்த்துப் பேசினால் மறுநாள் வேலை இருக்காது. பொருள் போன நேரத்தில் அந்த அறைக்கு வந்துபோன பணக்கார நண்பனின் பையைத் திறக்கச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. பிறந்த சாதியை வைத்தே ஒரு கூட்டத்தைத் திருடர்கள் என்று எழுதிவைத்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்று இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்குப் பணிய மறுத்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூட்டுக்குப் பலியானவர்களுக்கு இன்றும் அஞ்சலி செலுத்துகிறோம். சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் போனது. அப்படி முத்திரை குத்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென்று திறக்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் விடுதிகளும் இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரத்தில் இயங்குகின்றன. முகத்தையும் ஊரையும் பார்த்து முதலில் ஒருவரைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு ஆதாரம் தேடும் பழக்கம் எதில் போய் முடியும் என்பதை நம் சொந்த வரலாறே சொல்லியிருக்கிறது.

அடித்தே கொன்ற விடுதிகள்

இது மனம் நோவதோடு முடிகிற சங்கதி என்று யாராவது நினைத்தால், கொல்கத்தாவையும் டாக்காவையும் பார்க்கட்டும்.

2014 நவம்பர் 16 அதிகாலை, கொல்கத்தாவின் என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரி விடுதிக்குள் மனநலம் பாதிக்கப்பட்ட ஒருவர் வழிதவறி நுழைந்தார். செல்போன் திருட வந்தவர் என்று சொல்லி அவரைத் தூணில் கட்டிவைத்து அடித்தார்கள். அவர் இறந்துபோனார். அடித்ததாகக் குற்றம்சாட்டப்பட்டவர்கள், உயிர் காக்கும் படிப்பைப் படித்துக்கொண்டிருந்தவர்கள். பத்தாண்டு கழித்து, 2024 ஜூன் 28 அன்று அதே நகரத்தின் பவ்பஜார் பகுதி விடுதி ஒன்றில், பக்கத்துக் கடையில் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் வேலை செய்துவந்தவரைச் செல்போன் திருட்டுச் சந்தேகத்தில் உள்ளே இழுத்துப்போய் அடித்தார்கள். அவரும் பிழைக்கவில்லை. பத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 18 இரவு, டாக்கா பல்கலைக்கழகத்தின் ஃபஸ்லுல் ஹக் முஸ்லிம் ஹாலில் நடந்தது இன்னும் கொடுமை. அன்று பகலில் விளையாட்டுப் போட்டியின்போது சில மாணவர்களின் செல்போன்கள் காணாமல்போயிருந்தன. இரவு வளாகத்துக்குள் வந்த ஒருவரைப் பிடித்து விருந்தினர் அறையில் வைத்து அடித்தார்கள். அவரும் மனநலம் பாதிக்கப்பட்டவர். நடுவில் அவரை உணவகத்துக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டார்கள். அவர் சாப்பிட்டு முடித்ததும் திரும்பவும் கூட்டிப்போய் அடித்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. சாப்பிடும் படமும் பிறகு பரவியது. அந்த நாட்டில் ஆட்சியையே மாற்றிய மாணவர் எழுச்சி நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அநீதிக்கு எதிராகத் தெருவில் நின்ற தலைமுறையின் விடுதி அது.

அங்கே சோறு போட்டவர்களும் அடித்தவர்களும் பிறவிக் கொடூரர்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. நள்ளிரவு, கூட்டம், பறிபோன பொருளின் ஆத்திரம், பொறுப்பான பெரியவர் யாருமே அங்கே இல்லாதது ஆகிய நான்கும் சேர்ந்தால் எந்த ஊர் விடுதியிலும் அது நடக்கலாம். முதல் மூன்றையும் யாராலும் முழுக்கத் தடுக்க முடியாது. நான்காவது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

நம் ஊர் விடுதிகளில் அவ்வளவு தூரம் போகாமல் நடக்கும் ‘விசாரணை’ முறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. சீனியர் அறையில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பது, சட்டையைக் கழற்றச் சொல்வது, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்குவது, வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு ‘திருடன்’ என்று எழுதுவது என்று அவை நீளும். கடைசியில் ஒப்புதல் கடிதம் ஒன்று எழுதி வாங்குவார்கள்.

அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காவல் அதிகாரியிடம் ஒருவர் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் ஏற்பதில்லை. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி அது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்திலும் தொடர்கிறது. அடிக்குப் பயந்து மனிதன் எதையும் ஒப்புக்கொள்வான் என்பதை ஆங்கிலேய அரசே 150 ஆண்டுகளுக்கு முன்பு புரிந்துகொண்டு எழுதிய விதி. சீருடையும் அதிகாரமும் உள்ள காவலரிடம் சொன்னதே செல்லாது எனும்போது, பத்து சீனியர்கள் சுற்றி நிற்க இரவு ஒரு மணிக்கு எழுதி வாங்கிய தாளை வைத்து ஒரு மாணவரை விடுதியிலிருந்து நீக்குவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

அறிவிப்புப் பலகையின் பின்னால்

விடுதிச் சேர்க்கை விண்ணப்பத்தில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: உடைமைகளுக்கு மாணவரே பொறுப்பு, இழப்புக்கு நிர்வாகம் பொறுப்பேற்காது. மாணவரும் பெற்றோரும் அதன்கீழே கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த ஒரு வரியைக் காட்டித்தான் வார்டன்கள் கை கழுவுகிறார்கள்.

‘உரிமையாளர் பொறுப்பு’ என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் வேறொரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டெல்லியின் தாஜ்மஹால் ஹோட்டலில் 1998இல் விருந்தினர் ஒருவர் கார் சாவியை ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கார் திருடுபோனது. ஹோட்டல் கொடுத்த சீட்டில் பொறுப்புத் துறப்பு வரி இருந்தது. சாவியை வாங்கிக்கொண்ட ஹோட்டல் கவனக்குறைவாக இருந்துவிட்டு, அந்த வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது என்றது நீதிமன்றம். விடுதியில் மாணவர் தன் பெட்டியை வார்டனிடம் ஒப்படைப்பதில்லை. ஆகவே இரண்டும் ஒன்றாகிவிடாது. ஆனால், இரவு ஒன்பது மணிக்கு எல்லோருடைய செல்போனையும் வாங்கி அலுவலகத்தில் பூட்டும் விடுதிகள் இருக்கின்றன. அறைக்குச் சொந்தப் பூட்டுப் போடக் கூடாது என்று விதி வைத்திருக்கும் விடுதிகளும் இருக்கின்றன. பூட்டும் உரிமையை எடுத்துக்கொண்டவர்கள், காக்கும் கடமை மட்டும் தங்களுக்கு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

அரசு விடுதிகளின் நிலை தனி. 2025இல் முதலமைச்சர் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டினார். கல்லூரி மாணவர்களுக்கான மாத உணவுப்படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால், பல விடுதிகளில் இன்னமும் ஒரே கூடத்தில் சுவரோரமாக இரும்புப் பெட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, நடுவே பாய் விரித்துப் படுக்கிறார்கள். 2011இல் அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதை வைத்துப் பூட்ட ஒரு அலமாரி, தலைமாட்டில் ஒரு சார்ஜ் போடும் இடம் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நடைபாதையில் இருக்கும் ஒரே பிளக்கில் போனைச் சொருகிவிட்டுத் தூங்கப்போகும் மாணவரிடம் ‘ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்’ என்று சொல்வது நியாயமே இல்லை. ஆளுக்கொரு பூட்டுள்ள இரும்பு அலமாரிக்கு ஆகும் செலவு, வளாகம் முழுக்கக் கேமரா மாட்டிப் பராமரிக்கும் செலவைவிடப் பெரியதாக இருக்காது. திருட்டைத் தடுப்பதில் அது கேமராவுக்கு முன்னால் நிற்கும்.

காவல் நிலையத்துக்குப் போவதைத் தடுப்பது நிர்வாகங்களின் இன்னொரு வழக்கம். ‘கல்லூரி பெயர் கெட்டுவிடும்’ என்பார்கள். இதனால் மாணவருக்கு நேரடியாகவே இழப்பு உண்டு. திருடுபோன செல்போனை ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்து நாடு முழுக்க முடக்கும் சி.இ.ஐ.ஆர். வசதி 2023 மே முதல் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. யாராவது அந்தப் போனில் வேறு சிம் போட்டால், தடம் பிடித்து மீட்கவும் முடிகிறது. ஆனால், அதில் பதிவுசெய்யக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான நகல் வேண்டும். குறைந்தபட்சம் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதாவது கையில் இருக்க வேண்டும். புகார் கொடுக்காதே என்று சொல்லும் வார்டன், அந்தப் போன் திரும்பிவரும் வழியையே அடைக்கிறார். ஏ.டி.எம். கார்டோ யு.பி.ஐ. மூலம் பணமோ போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்ற பதில் அங்கே செல்லாது.

பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தை அமெரிக்கா எப்படிக் கையாண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1986 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக விடுதியில், ஜீன் க்ளரி என்ற 19 வயது மாணவி தன் அறையிலேயே கொல்லப்பட்டார். கொன்றவர் அதே பல்கலைக்கழக மாணவர், திருடுவதற்காக நுழைந்தவர். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை யாரோ முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். அதன் வழியாக வந்தார். வளாகத்தில் அதற்கு முன்பு நடந்த குற்றங்கள் தங்களுக்குத் தெரிந்திருந்தால் மகளை அங்கே அனுப்பியிருக்க மாட்டோம் என்று பெற்றோர் போராடினார்கள். 1990இல் பிறந்த சட்டம் அந்தப் பெண்ணின் பெயரிலேயே இப்போது அறியப்படுகிறது. அதன்படி, அந்நாட்டு மத்திய அரசின் மாணவர் நிதியுதவி பெறும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் ஆண்டுதோறும் அக்டோபர் 1க்குள் வளாகக் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும். வளாகக் காவல் பிரிவு உள்ள இடங்களில் தினசரிக் குற்றப் பதிவேடும் இருக்கும். சின்னத் திருட்டுகூட அதில் ஏறும். யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம்.

தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியிலாவது, கடந்த ஆண்டு விடுதியில் எத்தனை பொருள்கள் காணாமல்போயின, எந்தத் தளத்தில், எந்த நேரத்தில், எத்தனை திரும்பக் கிடைத்தன என்று ஒரு பெற்றோர் கேட்டால் எடுத்துக் காட்டும்படியாக ஒரு நோட்டு இருக்குமா? அப்படி ஒரு நோட்டு இருந்தால், அதிகாலையில் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும் தரைத்தள அறைகளில்தான் பெரும்பாலும் போகிறது, பின்பக்கச் சுவரில் ஒரு வழி இருக்கிறது என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். சந்தேகம் அறைத்தோழன்மீது விழாமல் அந்தச் சுவர்மீது விழும். ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாடு 1997இல் சட்டம் கொண்டுவந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விரிவான விதிகளை வகுத்தது. குழு, பறக்கும் படை, உறுதிமொழிப் படிவம் என்று எல்லாம் வந்தன. திருட்டுப் புகார் வந்தால் விடுதி என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் அதேபோல் எழுதப்பட்ட நடைமுறை வேண்டும்.

புகார் வந்த அன்றே பதிவேட்டில் எழுதி, மாணவருக்கு நகல் தர வேண்டும். காவல் நிலையம் போக விரும்பினால் துணை வார்டனே கூடப் போக வேண்டும். சோதனை அவசியம் என்றால் ஒரு ஆசிரியர், வெளியாள் ஒருவர் ஆகியோர் முன்னிலையில், தளம் முழுக்க எல்லோருடைய அறையையும் பார்க்க வேண்டும். ஒருவர் பெட்டியை மட்டும் திறப்பதும் உடம்பைத் தொட்டுச் சோதிப்பதும் எந்தச் சூழலிலும் கூடாது. மாணவர்கள் தாங்களாகவே யாரையும் அறைக்குள் நிறுத்தி விசாரித்தால், அதை ராகிங்குக்கு இணையான குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்கள் விடுதியில் துணிகள் காணாமல்போனாலோ அந்நியர் நுழைந்தாலோ, மறுநாளே மாணவிகள் திரும்பும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் இழுக்கும் பழக்கமும் இத்தோடு போக வேண்டும். புகார் கொடுத்தவருக்கே தண்டனை என்றானால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சில விடுதிகளில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. பொருள் போன அன்று மெஸ்ஸில் வார்டன் அறிவிப்பார்: நாளை காலைக்குள் பொருள் நூலக மேசையில் இருந்தால் கேள்வி கிடையாது. பல நேரம் பொருள் வந்துவிடும். எடுத்தவரும் படிக்கும் பிள்ளைதான், திரும்பி வர அவருக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்று நினைத்த யாரோ ஒரு ஆசிரியர் தொடங்கியது அது. எழுதப்படும் நடைமுறையில் முதல் வரியாக அதைச் சேர்க்கலாம்.

எடுத்தவர் கிடைத்த பிறகு

எல்லா முறைகளையும் கடைப்பிடித்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரு மாணவர் அகப்பட்டும்விடலாம். அப்போது என்ன செய்வது?

சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் புதிதாக ஒரு வாசல் திறந்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல் குற்றம், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால், சிறைக்குப் பதில் சமுதாயப் பணியே தண்டனை. ஆனால், மனிதர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் நடக்கும் திருட்டுக்கு 305ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. ஏழு ஆண்டு வரை சிறை. விடுதி அறை குடியிருப்புதான். விளையாட்டுத் திடலில் 4,000 ரூபாய் போனை எடுத்த மாணவருக்குச் சமுதாயப் பணி. அதே போனை விடுதி அறையிலிருந்து எடுத்தவருக்கு ஏழாண்டு வரை சிறை என்ற அச்சம். பாராளுமன்றம் இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். இப்போதைக்கு நம்பிக்கை தருவது, 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். முன்பு தண்டனை பெறாதவர் திருட்டுக் குற்றத்தில் அகப்பட்டால், கண்டித்து அனுப்பிவிட அதில் இடமுண்டு. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறைக்கு அனுப்பும் முன் நீதிமன்றம் வேறு வழி இல்லை என்பதற்குக் காரணம் எழுத வேண்டும். அச்சட்டத்தின்படி விடுவிக்கப்பட்டவருக்கு, குற்றத்தீர்ப்பால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு கிடையாது. கல்லூரி நிர்வாகங்களில் எத்தனை பேர் இந்தச் சட்டத்தைப் படித்திருப்பார்கள்? நீதிமன்றமே இவ்வளவு யோசிக்கும்போது, ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஒரே அமர்வில் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறது.

முதலில் கேட்க வேண்டியது, ஏன் எடுத்தார் என்பது. வீட்டிலிருந்து பணம் வராத மாதக் கடைசி, மெஸ் பில் கட்டாததால் சாப்பாட்டுப் பட்டியலில் பெயர் அடிபட்டது, செயலியில் வாங்கிய கடனுக்கு வரும் மிரட்டல், இணையச் சூதாட்டத்தில் இழந்த பணம் என்று காரணம் ஒவ்வொருவருக்கும் வேறு. பழக்கத்தால் திரும்பத் திரும்ப எடுப்பவரும் உண்டு. அவருக்கு மனநல மருத்துவர் வேண்டும். காரணம் எதுவானாலும், எடுத்தவர் பொருளைத் திருப்பித் தரவேண்டும் அல்லது மதிப்பைத் தவணையில் கட்டவேண்டும். இழந்தவரிடம் ஆசிரியர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரு பருவம் விடுதியில் ஏதேனும் பொதுவேலை செய்ய வேண்டும். இவை தண்டனைதான். மறுபடியும் மறுபடியும் செய்பவரை விடுதியிலிருந்து விலக்க வேண்டியும் வரலாம். அப்போதும் வகுப்பிலிருந்தும் தேர்விலிருந்தும் விலக்கக் கூடாது. அவர் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டக் கூடாது.

ஒவ்வொரு விடுதி அலுவலகத்திலும், மாதக் கடைசியில் 500 அல்லது 1,000 ரூபாயைக் கேள்வி கேட்காமல் கைமாற்றாகத் தரும் சிறு நிதி ஒன்று இருக்கட்டும். முன்னாள் மாணவர் சங்கங்கள் நூற்றாண்டு வளைவு கட்டவும் சிலை வைக்கவும் பணம் திரட்டுகின்றன. இந்த நிதிக்கும் தரலாம். மெஸ் பில் பாக்கிக்காக ஒருவருடைய சாப்பாட்டை நிறுத்தும் விதியை எடுத்துவிடலாம். ஜூன், ஜூலையில் புது மாணவர்கள் பெட்டியும் வாளியுமாக வந்து இறங்குவதற்கு முன்பாக, உயர்கல்வித் துறையும் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளும் ஒரே சுற்றறிக்கையில் இவற்றை உத்தரவாக்க முடியும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.